கொண்டையோடு போன ஊசி

மேலக்கரை, தாராசுரம் வழி
வைகாசி கடைசி வாரம்

அன்புள்ள கண்ணாத்தாளுக்கு,

நான் சுகம். நீயும், மகன் அறிவுச்செல்வனும், மருமகளும், பேரன் இனியவனும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோட்டுக்கு மேலே கொஞ்சம் கீழே கொஞ்சமாக, நாற்று நடத் தெரியாத ஆள் நட்ட வயல் மாதிரி இருக்கிறது. சில எழுத்து பெருத்துவிட்டது, சில எழுத்து சூம்பிவிட்டது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் வாயில் போட்ட வெற்றிலை சக்கையாகிவிடுகிறது. ஆனாலும் உன் பெயரை யாரும் என் கையைப் பிடிக்காமல் நானே எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து "இந்தா புள்ள" என்று கூப்பிட்டே காலம் போய்விட்டது. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

பிரகதீஸ்வரி டீச்சர் உன்னை விசாரித்தார்கள். மாலை வகுப்பில் நம் இரண்டு பேரில் நீதான் கெட்டிக்காரியாம். "கண்ணாத்தா அம்மா இங்க இருந்திருந்தா இந்நேரம் பேப்பரே படிச்சிருப்பாங்க, நீங்க இப்பத்தான் கடுதாசிக்கு வந்திருக்கீங்க" என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். முகத்தில் காட்டவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் கூப்பிட்டால் அறிவு ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால், "மாமா சாப்டீங்களா" என்று மருமகள் கேட்கிறது. பேரன் கத்துகிறான். அதற்குள் நீ "சரி, வச்சிடட்டுமா" என்கிறாய். நாம் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ள இனிமேல் காகிதம்தான் வழி. உனக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். பால்கனியில் உட்கார்ந்து மெதுவாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை அறிவு என்னிடம், "அம்மா பெங்களூர்லயே இருக்கட்டும்ப்பா, புள்ளையப் பாத்துக்க வேற ஆளில்ல. நீங்களும் அந்த மண்ண எல்லாம் ஏறக்கட்டிட்டு வந்துருங்க" என்றான். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாய். அந்தப் "பாக்கலாம்" காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் இங்கே என் வேலை கெட்டுக் கிடக்கிற கதையைக் கேள்.

கும்பகோணம் பொம்மைக் கடை பஞ்சநதம் ஐயா கொலுவுக்கு நடவு செட் கேட்டிருந்தார் அல்லவா? பெருவிரல் உயரத்தில், வரிசையாகக் குனிந்து நடுகிற பெண்கள். உடம்பெல்லாம் முடித்துவிட்டேன். முதுகு வளைவு, இடுப்பில் செருகின முந்தானை, கையில் நாற்று முடி, கணுக்காலில் சேறு எல்லாம் அப்படியே இருக்கிறது. முகம்தான் வரவில்லை. கண் திறக்கப் போனால் கெட்டுவிடுகிறது. குனிந்துதானே இருக்கிறார்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடலாம் என்றால் பஞ்சநதம் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "கொலுவுக்கு வர்ற குழந்தைங்க தரையில உக்காந்து கீழேருந்துதான் பாக்கும். மூஞ்சி சரியா இல்லன்னா கண்டுபிடிச்சிடும்" என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருப்பதால் இன்னும் எரிச்சல்.

பக்கத்து வீட்டு நீலாம்பாள் ஒரு பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் மாமா, இவளுக்குப் பல்லு வலியா?" என்று கேட்டாள். அழித்துவிட்டு வேறு செய்தேன். "இப்ப மாமியாளப் பாத்துட்டா" என்றாள். அப்புறம் அவளிடம் காட்டுவதை நிறுத்திவிட்டேன்.

அறிவு ஆன்லைனில் ஒரு பெட்டி ஆயுதம் அனுப்பினான். அவன் மனசு தங்கம், குறை சொல்ல மாட்டேன். பளபளவென்று வளையம் வைத்தது, குண்டு வைத்தது, கத்தி மாதிரி என்று என்னென்னவோ இருக்கிறது. இனியவன் உயரத்துக்குப் பொம்மை செய்தால் நன்றாக உதவும். அதில் இருக்கிற சின்னக் குண்டே என் பொம்மையின் கண்ணை விடப் பெரியது. கத்தி கன்னத்தைக் கிழிக்கிறது. எனக்கு வேண்டியது அழுத்துகிற கருவி. இதை அவனிடம் சொல்லாதே.

கும்பகோணத்தில் குடை ரிப்பேர் செய்கிற அல்லா பிச்சை பாயிடம் போய்க் குடைக்கம்பி கேட்டேன். "ஊரே குடையோட வருது, நீங்க கம்பி மட்டும் போதும்ங்கிறீங்க. பொம்மைக்கு மழை பெய்யுதா?" என்று சிரித்தார். நல்ல மனுஷர், முனையைத் தேய்த்தே கொடுத்தார். அழுத்தினால் கண் அழகாக விழுகிறது. எடுக்கும்போது மண் கம்பியில் ஒட்டிக்கொண்டு கண்ணோடு வந்துவிடுகிறது. தென்னை ஈர்க்கு ஈரத்தில் துவண்டு போகிறது. வளையல் கடையில் கொண்டை ஊசி வாங்கினேன். "ஆயாவுக்கா தாத்தா?" என்று கடைப் பெண் கேட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதன் கறுப்புச் சாயம் உரிந்து பொம்மை முகமெல்லாம் பொட்டுப் பொட்டாகிவிட்டது.

எனக்கு வேண்டியது என் பழைய கொண்டை ஊசி. ஒரு காலை நான் கருங்கல்லில் தேய்த்துக் குட்டையாக்கி மழுக்கி வைத்திருந்தேனே, அது. மண் பலகை, ஈரச்சாக்கு, பரண், ஓட்டு இடுக்கு என்று எங்கே தேடியும் இல்லை. எரிச்சலில் நீலாம்பாளிடம் போய், உன் வீட்டில் யாராவது எடுத்தார்களா என்று கேட்டுத் தொலைத்தேன். "உங்க துருப்புடிச்ச ஊசிய எடுத்து நான் என்ன காது குத்தவா போறேன்?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். அத்தோடு எனக்கு மோர் வருவது நின்றுவிட்டது.

நேற்று அவளே வந்தாள். மோருக்குப் பதிலாகக் கையில் போன். மருமகள் அனுப்பிய படம். நீ இனியவனைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிறாய். நீலாம்பாள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, "இந்தாங்க மாமா, திருடி ஆப்டுட்டா. பெங்களூர்ல இருக்கா" என்றாள்.

உன் கொண்டையில் இருக்கிறது. அந்தக் குட்டைக் கால் கூடத் தெரிகிறது.

அது என் ஆயுதம், நீ இரவல் வாங்கித் தலையில் செருகிக்கொள்கிறாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது உன் ஊசி, நான் இரவல் வாங்கி மண்ணில் அழுக்காக்குகிறேன் என்று நீ திட்டிக்கொண்டிருந்தாய். காலையில் நீயே கழற்றிப் பலகையில் வைப்பாய். பொழுது சாய்ந்தால் "வேல முடிஞ்சுதா, குடுங்க" என்று கையை நீட்டுவாய். கால் குட்டையானதிலிருந்து மண்டையில் குத்துகிறது என்பாய். ஆனாலும் வேறு ஊசி நீ வாங்கவில்லை.

இப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. உன் தலை எண்ணெய் அந்த ஊசியில் ஊறியிருக்கிறது, அதனால்தான் அதில் மண் ஒட்டாது. உடனே புது ஊசியைத் தேங்காய் எண்ணெயில் முக்கி எடுத்துச் செய்து பார்த்தேன். ஈரத்தில் கண் பிரமாதமாக இருந்தது. காய்ந்ததும் கண்ணிலிருந்து கன்னம் வரை வெடித்துவிட்டது, பொம்மை அழுகிற மாதிரி. துடைத்துவிட்டுச் செய்தால் மறுபடி ஒட்டுகிறது. அளவு பிடிபடவில்லை. தலைமுடியில் ராத்திரி முழுக்க இருந்தால் ஏறுகிற எண்ணெய்தான் சரியான அளவு போலிருக்கிறது. என் தலையிலேயே செருகி வைக்கலாம் என்றால் அங்கே ஊசி நிற்க முடி ஏது?

மேட்டூர் திறந்துவிட்டார்கள். நம் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் பொம்மைக்கு வேண்டிய அடிமண்ணை வாய்க்காலில் வெட்டிச் சாக்கில் கட்டிவிட்டேன். மண் தயார், உடம்பு தயார், முகம் இல்லாத பெண்கள் வரிசையாகக் குனிந்து கிடக்கிறார்கள். பார்க்கவே பிடிக்காமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அறிவிடம் சொன்னால் நாளைக்கே ஊசியைக் கூரியரில் போட்டுவிடுவான். வேண்டாம். ஊசி மட்டும் வந்து என்ன செய்ய? நாலு முகம் முடிப்பதற்குள் எண்ணெய் காய்ந்துவிடும். அப்புறம் அதுவும் அல்லா பிச்சை பாய் கொடுத்த கம்பியும் ஒன்றுதான்.

பேரனை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவனையும் தூக்கிக்கொண்டு வா. மருமகளுக்கும் கொஞ்ச நாள் ஓய்வு. வாய்க்காலில் தண்ணீர் வருவதை அவன் பார்க்கட்டும். கொலு முடிந்த பிறகு என்ன செய்வது என்று நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்வோம், ஸ்பீக்கர் இல்லாமல். "பாக்கலாம்" என்றாயே, இங்கே வந்து பார்க்கலாம்.

பேரன் நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசி. அறிவுக்கும் மருமகளுக்கும் என் அன்பு. அடுத்த வாரமும் எழுதுகிறேன். அதற்குள் நீ பஸ் ஏறிவிட்டால் அந்தக் கடிதத்தைத் தபாலில் போடமாட்டேன், உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். வரும்போது ஊசியைப் பெட்டியில் வைக்காதே. தலையிலேயே வைத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் தங்கையன்