மணலில் எழுதின பேர்

என்ர மணிக்குஞ்சு,

நான் இருக்கிறன். அந்தக் குளிருக்குள்ள நீ சுகமாய் இருக்கவேணுமெண்டு பிள்ளையாரைக் கேட்டபடி இதை எழுதுறன். இந்தமுறை யோகநாதன் மாமா எழுதித் தரேல்லை, நானேதான், எழுத்து கோணல்மாணலாய்க் கிடக்கும் சிரியாதை. அப்பாவின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை உன்ர இடத்தில மாமாதான் நிண்டு செய்தவர். எனக்கு இன்னும் அழுகை வரேல்லை. சனம் அதைக் கதைக்குது. மாடு கறக்கிறன், சமைக்கிறன், நினைவில்லாமல் ரெண்டு பேருக்கு அரிசி போட்டிடுறன்.

பள்ளிக்கூடத்தில பின்னேரத்தில எழுத்துத் தெரியாத பெரியாக்களுக்கு ஞானேஸ்வரி ரீச்சர் வகுப்பு வைக்கிறவா. அப்பா இருக்கேக்கையே போகத் தொடங்கினனான். முதல்நாள் ரீச்சர், ஆளுக்கொரு சொல் சொல்லுங்கோ, அதிலயிருந்தே எழுத்துப் பழக்கிறன் எண்டவா. பலகை வாசிக்கத் தெரியாமல் பிழையான பஸ்ஸில ஏறி அலைஞ்ச மீனம்மா, ஊர்ப்பேர் வேணும், நெடுங்கேணி எண்டாள். எனக்கு அப்பாவின்ர பேர்தான் ஆசை. ஆனால் கட்டின நாளிலயிருந்து என்ர வாயால சொன்னதில்லை. அவரின்ர பேர் எண்டு மட்டும் சொன்னன். மீனம்மா, சொன்னா நாக்கு வெந்துபோமோடி எண்டு பகிடி பண்ணி, தானே சொல்லிவிட்டாள். வீட்டை வந்து எழுதிக் காட்ட அப்பா, இஞ்சாருங்கோ எண்டு கூப்பிட்டவள் இப்ப என்னைச் சிலேற்றில போட்டு அழிக்கிறாள் எண்டு சிரிச்சவர்.

போன வெள்ளி அவருக்கு மோட்ச அர்ச்சனை செய்யத் தனியப் போனன். எப்பவும் தட்டைக் குடுத்துப் பேர் நட்சத்திரம் சொல்லுறது அப்பாதானே. ஐயர் புது ஆள், எங்களைத் தெரியாது. பேரென்ன எண்டு கேட்டார். எனக்கு வாய் திறபடேல்லை. பின்னுக்குச் சனம் நிக்குதம்மா, கெதியாச் சொல்லுங்கோ எண்டார். எங்கட கோயிலுக்கு இன்னும் சீமெந்து போடேல்லை, நிலம் மணல்தான். குந்தியிருந்து விரலால எழுதினன். பொன்னையா. ஐயர் குனிஞ்சு பார்த்தார். அந்த நேரம் பார்த்து மணி அடிச்சுது. மந்திரத்தில அந்தப் பேரைச் சொன்னாரோ இல்லையோ எனக்குக் கேக்கேல்லை. விபூதி வாங்கித் திரும்பினன், எழுதின இடத்தைச் சனம் மிதிச்சுப்போட்டுது.

சிவலைப் பசு கண்டுக்குட்டி போட்டிருக்கு. மழை இல்லை. நீ காதை மூடிக்கொண்டு வெளியில போ, பட்டினி கிடவாதை. வெள்ளிக்கிழமையில விளக்கேத்த மறவாதை. பிள்ளையார் உனக்குத் துணை நிப்பார், நல்லாயிரு ராசா.

இப்படிக்கு
அம்மா அமராவதி

குஞ்சு, வாயால சொல்லாமல் எழுதிக் காட்டினது அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமே?