அங்க கிழவிமாரு உண்டுமா?

ஏட்டி,

பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறினால் எனக்கு உன் நினைவு வருகிறது. கோபித்துக்கொள்ளாதே. மற்றவர்களுக்கு மல்லிகையும் சாம்பிராணியும் வாய்த்திருக்கின்றன. நமக்கு வாய்த்தது இதுதான். இன்று காலை நம் மீன்சந்தைக்குப் பின்னால் இருக்கும் புதுக் கக்கூஸைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் நின்று நன்றாக ஒரு மூச்சு இழுத்தேன். பக்கத்தில் நெத்தோலி விற்கிறவள், "ஏக்கா, இதயும் போயி மோந்து பாக்கியளே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் புதிதாக வந்தவள். முன்பு நாம் இருந்த இருப்பு அவளுக்குத் தெரியாது. விடியுமுன் மீன் நிறைந்த சருவப் பாத்திரத்தோடு பஸ் ஏறி, மார்த்தாண்டம் நெரிசலில் இறங்கி மாறி, சந்தையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாது. எழுந்து போக இடம் இருந்தால்தானே? அதனால் நம் கரைப் பெண்கள் சந்தை நாளில் தாகம் எடுத்தாலும் வெள்ளமே குடிப்பதில்லை. பிரஷர் மாத்திரை வந்தபோது அதற்கும் அதே சட்டம். அதை விழுங்கினால் அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது. ஆகவே சந்தை இல்லாத ஞாயிறன்று மட்டும், பூசை முடிந்து வந்து, பயபக்தியோடு விழுங்குவோம். பிரஷர் வாரம் முழுக்க வேலை பார்த்தது, மாத்திரை ஞாயிறு மட்டும் பார்த்தது.

உன் மகன் கப்பல் வேலைக்குப் போய் ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் உன்னைப் போனில் அழைப்பான். மற்ற தாய்மார் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். நீ கேட்பது வேறு: "மக்கா, அங்க கிழவிமாரு உண்டுமா?" நார்வேயில் கிழவிகளே தனியாகப் படகோட்டிப் போகிறார்கள் என்றான். ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுகத்தில் நரைத்த தலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்றான். ஜப்பானிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். அங்கேயும் மீன்சந்தை. தொண்ணூறு வயதுக் கிழவி ஒருத்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் கத்தியை வைத்துவிட்டு, ஒரு குவளை தண்ணீர் குடித்து, பின்னாலிருந்த கதவைத் திறந்து உள்ளே போய், கை துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். நாம் இருவரும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மீனையல்ல, அந்தக் கதவை.

"அவளுக்கும் மீனு, எனக்கும் மீனு. அவளுக்கு மட்டும் எப்பிடிட்டி தொண்ணூறு?" என்றாய். ஆண்டவர் எழுதியது என்றேன். நீ சீறினாய். "ஆண்டவரு எல்லா கரைக்கும் ஒரே ஆயுசுதான் குடுப்பாரு. நடுவுல எவனோ வெட்டி எடுக்கான், கேட்டியா."

அவ்வளவு கோபம் இருந்தும் சந்தை நாளில் மாத்திரை விழுங்க உனக்கு வழியில்லை. ஒரு வியாழக்கிழமை, விற்று முடியாத சாளை மீன் சருவத்தின் மேலேயே சாய்ந்தாய். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார் டாக்டர். உனக்கு ஐம்பத்தாறு. உன்னை அடக்கம் செய்யும்வரை நம் ஊர்ப் படகு ஒன்றும் கடலில் இறங்கவில்லை. கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் கட்டஞ்சாயாவை ஊதிக்கொண்டே, "அவளுக்க ஆயுசு அவ்வளவுதான்" என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஜப்பான்ல பெறந்திருந்தா அவ இன்னும் மீனு வெட்டிட்டு இருப்பா. விதி என்ன, பாஸ்போட்ட பாத்தா வருது?" என்று கத்தினேன். துக்க வீட்டில் என்ன சத்தம் என்று அதட்டினார்கள். அதட்டட்டும்.

அடுத்த சந்தை நாளில் நாங்கள் எல்லோரும் பஸ் ஏறுமுன்னே வயிறு முட்ட வெள்ளம் குடித்தோம். மாத்திரை உள்ளவர்கள் மாத்திரையும் விழுங்கினோம். வேளை வந்ததும் தலையில் சருவத்தோடு வரிசையாகச் சந்தை ஆபீசுக்குள் நுழைந்து, அவர்கள் பூட்டி வைத்திருந்த கக்கூஸைத் திறக்கச் சொன்னோம். அது ஸ்டாஃபுக்கு உள்ளது என்றார் ஒருவர். "சாருக்கும் எங்களுக்கும் ஒரே மூத்திரந்தான். தொறக்கியளா, இல்ல இஞ்சயே இருக்கட்டா?" என்றேன். திறந்தார். மறுபடியும் போனோம், அதற்குப் பிறகும் போனோம். ஆபீஸ் நாற்காலிகளிலெல்லாம் சாளை நாற்றம் ஏறிய பிறகுதான் நமக்குக் கக்கூஸ் கட்ட அவர்கள் கண்ணுக்கு ஒரு இடம் தென்பட்டது. நீ இருந்திருந்தால் வரிசையில் முதல் ஆளாக நின்றிருப்பாய்.

உன் மகன் இப்போது என்னை அழைக்கிறான். துறைமுகத்தின் பெயரைச் சொன்னதும் உன் கேள்வியை நான் கேட்கிறேன். இன்று அவன் அதை என்னிடமே திருப்பினான்.

"சித்தி, நம்ம சந்தையில கிழவிமாரு உண்டுமா?"

மடியிலிருந்து மாத்திரையை எடுத்தேன். சந்தை நடுவில், எல்லோரும் பார்க்க, அண்ணாந்து பாட்டில் வெள்ளம் முழுவதையும் குடித்து முடித்தேன். பிறகு சொன்னேன்:

"இப்ப இல்ல மக்கா. ஒருத்தி கிழவி ஆயிட்டு வாறா."