நீதிபதிக்குப் போன தீபாவளிப் பலகாரம்

மில்பிடாஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஓவியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று, நீ அனுப்பும் கட்டைவிரல் படத்தை வைத்துத்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஃபோனில் சொல்லலாம்தான், ஆனால் பாதியில் நான் கத்துவேன், நீ கிளாஸ் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். முழுதாகப் படி.

உன் அம்மா ஒரு வேலை செய்திருக்கிறாள். தீபாவளிக்குச் செய்த மைசூர்பாக்கில் ஒரு பெட்டி கட்டி, மேலே உன் பெயரையும் கேஸ் நம்பரையும் எழுதி, சான் ஹோசே ஃபெடரல் கோர்ட்டில், கிரீன் கார்டு ஆபீஸ் மேல் நீ போட்ட கேஸைக் கேட்கும் நீதிபதிக்குத் தபாலில் அனுப்பிவிட்டாள். கேட்டால், "ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா ஒரு இனிப்பு குடுத்தா என்ன தப்பு? பொள்ளாச்சில தாலுக்கா ஆபீஸுக்கு எங்கப்பா வருஷாவருஷம் குடுப்பாருங்க" என்கிறாள். கோர்ட்டில் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு நம் வக்கீல் விஷாகாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், ஜட்ஜுக்கு ஸ்வீட் பாக்ஸா? ஆர் யூ சீரியஸ்?" என்று சிரிப்பதா அழுவதா தெரியாமல் கேட்டாள். ஒரு தரப்பு நீதிபதியிடம் எதைச் சொன்னாலும் கொடுத்தாலும் மறு தரப்புக்குத் தெரிந்தாக வேண்டுமாம். நான்கூடப் போன மாதம், தீர்ப்பு எப்போது வரும் என்று நீதிபதி ஆபீஸுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேளேன் என்று விஷாகாவை நச்சரித்தவன்தான், அதனால் அம்மாவை ரொம்பத் திட்ட முடியவில்லை. அந்த நீதிபதி ஆயுளுக்கும் பதவியில் இருப்பவர், சம்பளத்தை யாரும் குறைக்க முடியாது. இனிப்பும் வேண்டாம், பயமும் இல்லை. நம் நாட்டு ஆபீஸ் மாதிரி நினைத்தது எங்கள் முட்டாள்தனம்.

விஷயம் இதற்கு மேல்தான். பெட்டி வந்ததைச் சொல்ல விஷாகா அரசு வக்கீலுக்கு ஃபோன் செய்திருக்கிறாள். அந்த ஆள் சிரித்து முடித்துவிட்டு, நீங்கள் கேஸை வாபஸ் வாங்கினால் ஓவியாவின் கிரீன் கார்டு விண்ணப்பத்தை மறுபடி திறந்து பார்க்கச் சொல்கிறோம் என்றாராம். தங்கள் கையேட்டுக் கணக்குப்படி உனக்கு இருபத்தொன்று தாண்டிவிட்டது, இனி அப்பா அம்மாவோடு சேர்த்துக் கார்டு கிடையாது என்று தள்ளிய அதே ஆபீஸ்! ஏன் இந்தத் திடீர்க் கருணை? சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் அரசு ஆபீஸ் சொல்லும் அர்த்தம் ஓரளவு நியாயமாக இருந்தால் போதும் என்று நாற்பது வருஷம் கோர்ட்டுகள் விட்டுவந்தன. 2024-ல் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி, அர்த்தம் சொல்வது நீதிபதியின் வேலை என்றுவிட்டது. போன விசாரணையில் நம் நீதிபதியும், உங்கள் கையேடு கிடக்கட்டும், வயதை இப்படித்தான் கணக்கிட வேண்டும் என்று சட்டத்தில் எந்த வரி சொல்கிறது, காட்டுங்கள் என்று கேட்டார். தோற்போமோ என்று பயந்துவிட்டார்கள். ஆனால் திறந்து பார்ப்போம் என்றுதான் சொல்கிறார்கள், கொடுப்போம் என்று சொல்லவில்லை. கவனி.

டல்லாஸில் இருக்கும் உன் ஃப்ரெண்ட் கௌசிக்குக்கும் இதே பிரச்சினை, நான் ஜெயித்தால் அவனுக்கும் ஆகும் என்றாய். ஆகாது. ஒரு மாவட்ட நீதிபதியின் தீர்ப்பு பக்கத்து அறை நீதிபதியையே கட்டுப்படுத்தாது. அந்தக் காலத்தில் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளே குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகச் சுற்றிக் கேஸ் கேட்டார்களாம், அப்பீல் கோர்ட் வட்டாரங்களுக்கு சர்க்யூட் என்ற பெயரே அதில் வந்ததுதான். 1891-ல்தான் தனியாக அப்பீல் கோர்ட்டுகள் வந்தன. நம் கேஸ் மேலே போனால் ஒன்பதாவது சர்க்யூட், டெக்சஸ் ஐந்தாவது. இங்கே சொன்னது அங்கே செல்லுபடியாக வேண்டியதில்லை. ஆனாலும் டல்லாஸ் நீதிபதி நம் தீர்ப்பைப் படித்து, சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று விஷாகா சொன்னாள். இதை மறைத்தால் பிறகு நீயே கண்டுபிடித்துச் சண்டை போடுவாய், அதனால் எழுதிவிட்டேன்.

என்னைக் கேட்டால் இன்றைக்கே வாபஸ் வாங்கு என்பேன். மே மாதம் உன் படிப்பு முடிகிறது, ஸ்டூடண்ட் விசா எத்தனை நாள் தாங்கும்? என் வேலையில் ஒரு சர்க்யூட் போர்டைச் சோதித்தால் சாயங்காலத்துக்குள் பாஸா ஃபெயிலா என்று தெரிந்துவிடும். இதில் தூக்கம்தான் போகிறது. இதையெல்லாம் சொல்லி நான் சம்மதம் என்றேன். விஷாகா, "அங்கிள், கிளையண்ட் நீங்க இல்ல. ஓவியா சொல்லட்டும்" என்று வைத்துவிட்டாள். கோபம் வந்தது. வழக்கில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததா என்ன.

குளிர் வந்துவிட்டது, நல்ல கோட் வாங்கு, நீ படிக்கும் அந்தப் பிஸ்கட்டவே ஊரில் பனிக்காலத்தில் ராத்திரி தனியாக டிரைவ் பண்ணாதே. அம்மா அடுத்த பெட்டியை உனக்கு அனுப்புகிறாள். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, எங்கள் ஆசீர்வாதம் உன்னோடு. வெள்ளிக்கிழமைக்குள் விஷாகாவுக்குப் பதில் சொல்லிவிடு. அவளிடம் சொல்லி முடித்த பிறகு எங்களைக் கூப்பிடு. முதலில் என்னைக் கூப்பிட்டால் நான் வாதாடி உன் மனதை மாற்றிவிடுவேன்.

அன்புடன் அப்பா,
ரஞ்சித்குமார்