சினிமா வண்டியில் அம்மனைக் கும்பிட்ட என் மகளுக்கு மறுதேர்வு கேட்டு மனு

அனுப்புநர்:
ப. கண்ணாயிரம், வயது 71,
முன்னாள் கரும்பு மாட்டுவண்டி ஓட்டி, இந்நாள் வளர்கல்வி மைய மாணவர்,
அம்மன் கோயில் தெரு, நெல்லிக்குப்பம் அஞ்சல்,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
தென்பெண்ணை கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி நிலையம்,
கடலூர் முதுநகர்.

பொருள்: என் மகள் புஷ்பவள்ளி தங்கள் கருவியில் தோல்வி அடைந்தது – அதற்குக் காரணம் பின்னால் உட்கார்ந்திருந்த நான் – பள்ளி திறப்பதற்குள் மறுதேர்வு வைக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் நிலையத்தின் சுவரில் எழுதியுள்ள வாசகம்.
2. தங்கள் வாயில் பலகையில் எழுதியுள்ள என் பெயர்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இது நான் என் கையால் எழுதும் முதல் மனு. இதற்கு முன்பும் மனு கொடுத்திருக்கிறேன். அவற்றை வேறு யாராவது எழுதுவார்கள், நான் கட்டைவிரலை உருட்டுவேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை தெருவிளக்கு கேட்டுக் கொடுத்த மனுவுக்குக் கோழிக்குஞ்சு வந்தது. இந்த மனுவில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரிந்தது. ஆகவே கோழிக்குஞ்சு வராது என்று நம்புகிறேன். மெதுவாக எழுதியிருக்கிறேன், தாங்களும் மெதுவாகப் படிக்க வேண்டுகிறேன்.

2. என் மகள் புஷ்பவள்ளி பத்தாவது தேறியவள். கணவர் இறந்த பிறகு, தன் தாய்மாமன் தேவநாதனின் டிராக்டரில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் சென்று குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். அறுவடை முடிந்தால் டிராக்டருக்கும் வேலையில்லை, அவளுக்கும் இல்லை. கனரக உரிமம் வாங்கி வைத்திருக்கிறாள். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றும் பஸ்ஸுக்கு ஓட்டுநர் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தாள். அந்தப் பள்ளியின் மேலாளர், “ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறப்ப தென்பெண்ணை சர்டிபிகேட்டோட வாம்மா, வண்டி உனக்குத்தான். இல்லேன்னா வேற ஆளப் போட்டுடுவோம்” என்று சொல்லியிருக்கிறார். மாதா மாதம் சம்பளம் வரும் வேலையை எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

3. தங்கள் நிலையத்தில் உள்ள கருவியைப் பற்றித் தங்களுக்கே நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்ல ஆசையாக இருக்கிறது. லாரியின் முன்பக்கத்தை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து அறைக்குள் வைத்தது போல் இருக்கிறது. ஸ்டியரிங், கிளட்ச், பிரேக் எல்லாம் உண்டு. எதிரே மூன்று பெரிய திரைகள். அவற்றில் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் நம் சாலையே ஓடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் இருக்கை குலுங்குகிறது. சிவப்பு விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் கூட முன்னால் போகிறது. பயிற்றுநர் சார்லஸ் ஒரு பொத்தானை அழுத்தினால் மழை வருகிறது. கதவில் அதன் பெயர் ‘பாவனை ஓட்டுநர் பயிற்சிக் கருவி’ என்று இருக்கிறது. அதைப் படித்து முடிக்க எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் ஆயிற்று. அங்கே வருகிறவர்கள் அதைச் சினிமா வண்டி என்கிறார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன், கை வலிக்கிறது.

4. பெண்கள் பயிற்சிக்கு வந்தால் துணைக்கு ஒருவர் வரலாம் என்பது தங்கள் விதி. என் மனைவி தைலம்மாளுக்கு முழங்கால் வலி. ஆகவே நான் துணைக்குப் போனேன். தேர்வு நாளன்று காத்திருப்போர் பெஞ்சில், மற்ற பயிற்சியாளர்களோடு சினிமா வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

5. ஐயா, படிக்கத் தெரியாதவனாக எழுபது வருடம் இருந்துவிட்டு, போன பொங்கலுக்குப் பிறகுதான் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தவன் நான். இப்போது எழுத்தைக் கண்டால் என் வாய் சும்மா இருப்பதில்லை. பஸ்ஸில் போனால் கடைப் பலகை, சுவர் விளம்பரம், கல்யாண வாழ்த்து எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே போவேன். தங்கள் திரையிலும் சாலையோரம் பலகைகள் வந்தன. ‘ஆலப்பாக்கம்’ என்று படித்தேன். ‘பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்லவும்’ என்பதைப் படித்து முடிப்பதற்குள் பள்ளி பின்னால் போய்விட்டது. புஷ்பவள்ளி திரும்பாமலே, “யப்பா, செத்த கம்முனு இரு. எனக்கும் கண்ணு இருக்குது” என்றாள். பயிற்றுநர் சார்லஸ், “பெரியவரே, ஓட்டறது அவுங்க. நீங்க பாசஞ்சரு” என்றார். நான், “பாசஞ்சரு படிக்கக் கூடாதுன்னு எங்கியும் எழுதலியே தம்பி. எழுதியிருந்தா அதயும் படிச்சிருப்பேன்” என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கொஞ்சம் குரல் கொடுத்துவிட்டது.

6. புதுச்சத்திரம் தாண்டி ஒரு வளைவில் கோபுரமும் பலகையும் வந்தன. தங்கள் படக்காரர்கள் தத்ரூபமாகச் செய்திருக்கிறார்கள். நான் முழுத் தொண்டையில் “அருள்மிகு பச்சைவாழியம்மன் கோயில்!” என்று படித்தேன். அது எங்கள் குலதெய்வம். கோயிலைக் கடக்கும்போது நம் பக்கத்து ஓட்டுநர்கள் என்ன செய்வார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். என் மகள் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெஞ்சில் இருந்த எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். நான் கண்ணை மூடியே போட்டுக்கொண்டேன். சார்லஸ் தேவாலயத்துக்குப் போகிறவர். அவரும் சபை மரியாதைக்குத் தலை குனிந்தார் என்று பெஞ்சில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஆக, அந்த நேரத்தில் அறையில் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது கருவி மட்டும்தான்.

7. வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போய் ஒரு டீக்கடைக்குள் நுழைந்தது. இருக்கை குலுங்கியது. பெரிய மணி ஒன்று விடாமல் அடித்தது. திரை முழுவதும் சிவந்து, நடுவில் என் கை நீளத்துக்கு ஒரு சொல் வந்து நின்றது. மற்ற பலகைகளைப் போல அது ஓடவில்லை. எனக்காகவே நின்றது போல நின்றது. எழுத்துக்கூட்டாமல், ஒரே மூச்சில், “தோல்வி!” என்று படித்தேன். என் வாழ்நாளில் ஒரு சொல்லை அப்படிப் படித்தது அதுவே முதல்முறை. சந்தோஷத்தில் கை தட்டிவிட்டேன். வேறு யாரும் தட்டவில்லை.

8. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் புஷ்பவள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழக்கமாக நான் பலகையைத் தப்பாகப் படித்தால் திருத்துவாள். அன்று நான் வேண்டுமென்றே இரண்டு பலகையைத் தப்பாகப் படித்தேன். அவள் திருத்தவில்லை. அந்தச் சொல்லைப் படிக்க எனக்கு நேரமாகவில்லை, விளங்கத்தான் நேரமாயிற்று.

9. தோற்றவர்கள் அடுத்த அணியோடு மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி தேர்வுக்கு வரலாம் என்று சார்லஸ் சொன்னார். அதற்குள் சிதம்பரம் பஸ்ஸில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார். இதைப் பற்றிப் பேச மறுநாள் நான் மட்டும் தங்கள் நிலையத்துக்கு வந்தேன். வாயில் பலகையில் ‘கண்ணாயிரம் என்பவருக்கு உள்ளே அனுமதி இல்லை’ என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. காவலாளி வருத்தத்தோடு, “தாத்தா, அதுல உங்க பேரு...” என்று ஆரம்பித்தார். “சொல்லாத, நானே படிக்கறேன்” என்று தடுத்துவிட்டேன். ஐயா, பொது இடத்தில் என் பெயரை யாரோ எழுதி, அதை நானே படித்தது அன்றுதான். அதன்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. தைலம்மாளுக்கு முழங்கால் சரியானதும் அழைத்து வந்து காட்ட வேண்டும். அதுவரை அழிக்காமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

10. இனி முக்கியமான விஷயம். சென்ற வாரம் புஷ்பவள்ளி இந்தப் பருவத்தின் கடைசிக் கரும்பு லோடோடு எங்கள் தெரு முனையைக் கடந்தாள். நான் பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். அங்கே இருப்பதும் பச்சைவாழியம்மன்தான்; திரையில் வந்தது போலப் படம் அல்ல, நிஜக் கோயில். டிராக்டர் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவள் அந்த இடத்தில் கையெடுக்காமல் போனதில்லை. அன்று இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. தலையை மட்டும் அம்மன் பக்கம் ஆட்டினாள். அதே நேரத்தில் நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து பால்காரர் கலியமூர்த்தி சைக்கிளில் குறுக்கே வந்துவிட்டார். அவள் ஒடித்துப் பிரேக் போட்டாள். கரும்பு சரிந்தது, பால் கேன் உருண்டது, கலியமூர்த்தி மட்டும் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார்.

கேனை நிமிர்த்திக்கொண்டே அவர், “ஏம்மா, இன்னிக்கு நீ சாமி கும்பிடலியா?” என்று கேட்டார்.

“கும்பிட்டிருந்தா நாளக்கி உன் போட்டோவத்தான் கும்பிட்டிருக்கணும் மாமா. ஓரமாப் போ” என்றாள் என் மகள்.

பிறகு என்னிடம், “கைய எடுக்கப் போனேன்பா. அந்த மெஷின் மணி காதுல அடிச்சிச்சு” என்றாள். தோற்ற நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. கை எடுக்காததற்காக அம்மனுக்கு அன்று சாயங்காலம் தனியாகப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தோம். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

11. தங்கள் சுவரில் ‘தவறுகளை இங்கே செய்யுங்கள், சாலையில் செய்யாதீர்கள்’ என்று எழுதியிருக்கிறது. தேர்வு நாளன்று அதை இரண்டு தடவை படித்தேன். தாங்கள் அழைத்தபடியே என் மகள் தவற்றை அங்கே செய்தாள். தாங்கள் சொன்னபடியே சாலையில் அதைச் செய்யவில்லை. சொன்னதைக் கேட்டவளுக்கு மூன்று மாதத் தண்டனை; தவற்றைத் தூண்டிய எனக்கு ஒரு வரி சாக்பீஸ். இது சரிதானா என்று தாங்களே யோசிக்க வேண்டுகிறேன். பாடம் அவளுக்கு ஒரே நாளில் ஏறிவிட்டது என்பதற்குக் கலியமூர்த்தி உயிரோடு இருப்பதே சாட்சி. அவருடைய வாக்குமூலத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவர் கைநாட்டுக்காரர், அவரையும் வகுப்பில் சேர்த்துவிட்டேன், அடுத்த சாட்சிக்குக் கையொப்பம் இடுவார்.

12. ஆகவே ஐயா அவர்கள் தயவு செய்து,

அ) பள்ளி திறப்பதற்குள் புஷ்பவள்ளிக்கு மறுதேர்வு வைக்க வேண்டும். மற்றது கிடைக்காவிட்டாலும் இது கிடைக்க வேண்டும்.

ஆ) திரையிலிருந்து அம்மன் கோயிலை எடுத்துவிடச் சொல்லி யாராவது மனு கொடுத்தால் ஏற்க வேண்டாம். எல்லா ஓட்டுநரும் அந்த டீக்கடைக்குள் ஒருமுறை போய்வருவது நல்லது. தேவாலயம் ஒன்றும் தர்கா ஒன்றும் சேர்த்தால் யாரும் தப்பிக்க மாட்டார்கள்.

இ) என்னையும் ஒரே ஒரு முறை சினிமா வண்டியில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு உரிமம் இல்லை. ஆனால் தவறு செய்ய உரிமம் தேவை என்று தங்கள் சுவரில் எழுதவில்லை.

13. மறுதேர்வு நாளில் நான் பலகைக்குக் கட்டுப்பட்டு வாயிலுக்கு வெளியே நிற்பேன். அங்கிருந்து ஜன்னல் வழியாக நடுத்திரை தெரிகிறது; போய்ப் பார்த்துவிட்டேன். வாயைத் திறக்காமல் படிக்க எங்கள் ஆசிரியை மாலதி பழக்கி வருகிறார். உதடு மட்டும் இன்னும் அசைகிறது, சத்தம் வருவதில்லை. தேறியவர்களுக்குத் திரையில் ‘தேர்ச்சி’ என்று வரும் என்கிறார்கள். வந்த வேகத்தில் போய்விடும் என்றும் சொல்கிறார்கள். அது எனக்குக் கடினமான சொல், நடுவில் தடுக்கும். தோல்வியை நிறுத்தி வைத்தது போலவே அதையும் நான் படித்து முடிக்கும்வரை திரையில் நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: நெல்லிக்குப்பம்
நாள்: 17.05.2010

இப்படிக்கு,
தங்கள் பலகையில் பெயர் உள்ள,
ப. கண்ணாயிரம்
(கையொப்பம், கைநாட்டு அல்ல)

இணைப்பு: பால்காரர் கலியமூர்த்தியின் வாக்குமூலம், கட்டைவிரல் ரேகையுடன். மேலே உள்ள கறை பால்.