ஆறாவது கேள்விக்கு அப்பாவின் பதில்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் அப்பா, அப்பாவின் இடது முழங்கால் மூவரும் நலமாக இருக்கிறோம், மாடிப்படியைக் கண்டால் மட்டும் மூன்றாவது ஆள் முனகுவார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வெளியே வந்ததும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்கிறாயா என்றெல்லாம் கேட்கப்போவதில்லை, கேட்டால் 'ம்' என்பாய், அந்த 'ம்' எனக்குப் பழகிப்போனது. உன் அக்கா போன வாரம் வந்து ஜன்னல் திரையெல்லாம் மாற்றிவிட்டுப் போனாள், அத்தனையும் பச்சை, படுக்கையறைக்குள் நுழைந்தால் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது, முப்பத்தோரு வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளை மறுபடியும் டியூட்டியில் போட்டுவிட்டாள். அவள் முகத்துக்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன், நீ போட்டுக்கொடுத்துவிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நர்சுகள் சங்கத்தைக் கலைத்ததில் என் பங்காக ஒரு சின்னத் தொகை கைக்கு வந்ததும், அதை வேகமாக வளரக்கூடிய ஃபண்டில் போடலாம் என்றிருக்கிறேன் என்று சனிக்கிழமை ஃபோனில் சொன்னேன் அல்லவா. நீ போட்ட கூச்சலில் பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பா பேப்பரை மடித்துவிட்டார். "அதுல போய் போடாதம்மா, ரிஸ்க்கெல்லாம் எனக்கும் ராசியில்ல, நம்ம வீட்டுக்கும் ராசியில்ல" என்றாய். பார்க்கலாம் என்று ஃபோனை வைத்துவிட்டேன். பார்த்தாயிற்று, செவ்வாய்க்கிழமையே போட்டும் ஆயிற்று. கோபப்படாமல் கடைசிவரை படி. ஃபோனில் இதையெல்லாம் பேச முடியாது, உன்னோடு நான் பேசும்போது உன் அப்பா பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து காதை இங்கேதான் வைத்திருப்பார், நீங்கள் இருவரும் பேச்சை நிறுத்திய இந்த ஆறு வருடமாக அப்படித்தான்.

முதலில் உன் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். என் பென்ஷன் தனி, ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வைத்த டெபாசிட் தனி, இரண்டையும் நான் தொடவில்லை. இந்தத் தொகை என் மூன்று மாதப் பென்ஷன் அளவுதான், பத்து வருடத்துக்கு இதை நம்பி எந்தச் செலவும் இல்லை. முழுதாகப் போனாலும் மனசு வலிக்கும், சாப்பாட்டுத் தட்டு காலியாகாது. அப்படிப்பட்ட பணத்தைத்தான் இதில் போட வேண்டும், நீயும் மனதில் வைத்துக்கொள். வட்டியில் தூங்கட்டும் என்று விட்டிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள், எனக்குத்தான் சப்பென்று இருந்திருக்கும்.

நானும் அப்பாவும் போன ஃபண்ட் ஆபீஸ் இரண்டாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. வாழ்நாளெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷனைக் கேட்கவா வேண்டும், கதவு இடுக்கில் காதை வைத்து இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு வாட்ச்மேனிடம், "மோட்டார்ல ஒண்ணுமில்ல, கதவு சுவிட்ச்சப் பாக்கச் சொல்லுங்க" என்று வைத்தியம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக நொண்டி ஏறினார். மேலே கவுண்டரில் ஒரு பெண், உன் அக்கா வயதுதான் இருக்கும், நல்ல பொறுமைசாலி, மூன்று ஃபண்டின் விவரத்தாள்களை எடுத்துப் போட்டாள். முதல் தாளில் போன வருட லாபம் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு நாள் காய்ச்சல் இறங்கியதை வைத்துக்கொண்டு எந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்பினோம், அட்மிஷன் நாளிலிருந்து சார்ட்டைக் கொடும்மா என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் மூன்றுக்கும் பத்து வருட ஏற்ற இறக்கப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது ஃபண்டை நடத்துகிறவர் நாலு வருடத்தில் மூன்று தடவை மாறியிருக்கிறார், டாக்டர் மாறிக்கொண்டேயிருக்கும் வார்டில் நான் வேலை பார்த்திருக்கிறேன், எனக்கு வேண்டாம். மூன்றாவது சின்னச் சின்னக் கம்பெனிகளில் போடும் ஃபண்ட், ஒன்பது வருடமாக ஒரே ஆள் நடத்துகிறார், செலவுக்கென்று அவர்கள் பிடிப்பதும் மற்ற இரண்டைவிடக் குறைவு. இரண்டு முறை அதலபாதாளத்துக்கு விழுந்திருக்கிறது, ஒருமுறை எழுந்து நிற்க மூன்று வருடம் ஆகியிருக்கிறது. அதை மறைக்காமல் தாளிலேயே போட்டிருந்தார்கள், அதனாலேயே எனக்குப் பிடித்தது. அப்பா, முதலாவதிலும் மூன்றாவதிலும் பாதிப் பாதி போட்டால் பாதுகாப்பு என்றார். இரண்டிலும் உள்ள கம்பெனிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி ஒன்றேதான், ஒரே மாத்திரை, அட்டைதான் வேறு. மூன்றாவதிலேயே போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கே ஏறும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கணக்கு இருவர் பெயரிலும், முதலில் நான், அடுத்து அவர்.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. கூட்டுக் கணக்கு என்பதால் எங்கள் இருவர் கையிலும் தனித்தனியாக ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தாள், இழப்பைத் தாங்கும் மனசு யாருக்கு எவ்வளவு என்று பார்ப்பதற்காம். உன் அப்பா பரீட்சையில் முதல் ஆளாக எழுந்து போகிற பையன் மாதிரி கடகடவென்று டிக் போட்டுக்கொண்டே போனார். ஆறாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. உங்கள் பணம் நான்கே மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் என்ன செய்வீர்கள், முழுவதும் விற்பேன், பாதி விற்பேன், பொறுத்திருப்பேன், மேலும் போடுவேன். அந்தப் பெண், "என்ன சார், பேனா எழுதலையா" என்று வேறொன்றை நீட்டினாள். "எழுதுதும்மா. நான் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருதடவ பதில் சொல்லிட்டேன், அதான் யோசிக்கிறேன்" என்றார். அப்புறம் அவளிடம்தான் சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "என் பையன் போட்ட பணம் இப்படித்தான் விழுந்துச்சு. அவன் பயப்படல. இன்னும் ரெண்டு வருஷம் டைம் குடுங்கப்பான்னு கேட்டான். நான்தான் ரெண்டு நாள் சாப்பிடாம உக்காந்து விக்க வெச்சேன். வித்ததுக்கப்புறம் காச அழிச்சவன்னு ஊர்பூரா சொன்னதும் நான்தான். பதினாலாவது மாசம் அது பழைய இடத்துக்கு வந்துருச்சும்மா. மாசாமாசம் பேப்பர்ல பாத்துட்டேதான் இருந்தேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பேப்பரில் அந்தக் கடைசிப் பக்கத்தையே வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, வயசான காலத்தில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார் என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன். நீ சொந்தமாக ஏ.சி. ரிப்பேர் கடை போட வைத்திருந்த பணம், அது போன வேகத்தில் நீயும் வீட்டைவிட்டு அத்தனை தூரம் போய்விட்டாய், இன்றைக்குவரை சம்பளத்தில் மிஞ்சுவதை பாங்க் புத்தகத்தை விட்டு வெளியே எடுக்கப் பயப்படுகிறாய். உனக்கு ராசியில்லாமல் இல்லையடா. நீ சரியாகத்தான் நின்றாய், நாங்கள் பிடித்து இழுத்துவிட்டோம். அவர் சாப்பிடாமல் உட்கார்ந்த இரண்டு நாளும் நானும் உன் அறை வாசலில் வந்து, அப்பாவுக்காகவாவது வித்துடுடா என்றேன், அது என் தப்பு. வார்டில் அத்தனை சார்ட் பார்த்தவள் என் பிள்ளையின் சார்ட்டைப் பார்க்கவில்லை.

அப்புறம் உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, பொய் எழுத மனசு வராமல் 'முழுவதும் விற்பேன்' என்பதிலேயே டிக் போட்டார். அந்தப் பெண் கூட்டிப் பார்த்துவிட்டு, "மேடம் தாங்குவாங்க சார், உங்க பதிலுக்கு இந்த ஃபண்ட் ஒத்துவராது, மேடம் பேரு முதல்ல இருக்கறதால போடலாம்" என்றாள். இத்தனை வருடம் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தவருக்கு இது தேவைதான். அவர் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்து, கைபேசி எண் என்ற கட்டத்தில் உன் எண்ணை எழுதினார். பணத்தை எடுக்க எங்களில் யார் கேட்டாலும் ரகசிய எண் அந்த ஃபோனுக்குத்தான் வருமாம். "பையன் நம்பர் குடுத்தா நீங்க நெனச்சவொடனே எடுக்க முடியாது சார், அவர்கிட்ட பேசித்தான் வாங்கணும்" என்று அவள் எச்சரித்தாள். "அதுக்குத்தாம்மா" என்றார். நானே உன் பெயரைத் தட்டித்தான் உன்னைக் கூப்பிடுகிறேன், உன் எண்ணைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் ஃபோன் சட்டைப்பையில் இருந்தது, எடுக்கவில்லை, பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

போட்டதிலிருந்து கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நேற்று நன்றாகத் தூங்கினேன். உன் அப்பா செய்தி ஆரம்பித்தவுடன் டிவியை அணைத்துவிட்டுக் குக்கர் கைப்பிடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். நீயும் ஒரு சின்னத் தொகையை எடுத்து இப்படிப் போடு, அவன் சொன்னான் இவன் சொன்னான் என்று போடாதே, சார்ட்டை முழுசாகப் பார்த்துவிட்டுப் போடு. விழுந்தால் இந்தத் தடவை உன் அறை வாசலில் யாரும் வந்து நிற்கமாட்டோம்.

நோய்நொடி இல்லாமல், நினைத்ததை நினைத்தபடி முடித்து, நூறு வருடம் நன்றாக இரு. ஃபோனை சார்ஜில் வைக்க மறக்காதே, வேலை நேரத்திலும் அணைத்து வைக்காதே. அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், உன் அப்பா ஏதோ எழுத வேண்டுமாம், காலையிலிருந்து பேனாவைத் தேடுகிறார், பேனா அவர் காதிலேயே இருக்கிறது. காலியாக வந்தாலும் வருத்தப்படாதே.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா

நான் அந்த ரகசிய எண்ணைக் கேட்டால் உடனே கொடுத்துவிடாதே. ஏன் என்று கேள். கொஞ்ச நேரம் பேசு.
அப்பா