தாளின் இரண்டாவது வரி

கூடங்குளம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஜெனிஸ்டனுக்கு,

பஹ்ரைன் கடலில் உன்னையும் உன்னோடு வலை இழுப்பவர்களையும் மாதா காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, உன் அப்பா மத்தியாஸ் எழுதுவது.

எழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே. இது என் கை. கோயில் கூடத்தில் நடக்கும் முதியோர் வகுப்புக்கு எட்டு மாதமாகப் போகிறேன். இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். 'ழ' மட்டும் இன்னும் சுழியில் மாட்டிக்கொள்கிறது. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "வலை முடியுத மாதிரில்லா எழுதுதீரு" என்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஒரு பயமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் மனைவி ஜாய்சி ஆசிரியர் தேர்வு எழுதியது உனக்குத் தெரியும். தேர்ச்சிக்கு எண்பத்திரண்டு வேண்டும். விடைக்குறிப்பு வந்ததும் அவளே சரிபார்த்தாள். எண்பத்தொன்று. ஓர் ஆங்கிலக் கேள்வியில்தான் இடிக்கிறது. நான்கு பெயரடைகளைக் கொடுத்து, இவற்றில் எதை வினையாகவும் எழுதலாம் என்று கேட்டிருக்கிறார்கள். 'கிளீன்' என்பது அவர்கள் விடை. இவள் 'டிரை' என்று போட்டிருக்கிறாள். இரண்டுமே சரி, அதனால் தனக்கும் மார்க் வரவேண்டும் என்கிறாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் கருவாட்டை வைத்து விளக்கினாள். "காஞ்ச மீனுன்னு சொல்லுதோம் மாமா, மீனைக் காயப்போடுன்னும் சொல்லுதோம். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் டிரைதான்." உடனே உன் அம்மா, "நாப்பது வருசமா நான் காயப்போடுதேன், எனக்கு ஒருத்தரும் மார்க்கு போடலியே" என்றாள். பல நாள் கழித்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

விடையில் குறை இருந்தால் முந்தாநாள் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் ஆட்சேபணை அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு அச்சடித்த புத்தகத்தின் நகல் வேண்டும், செல்போனில் பார்த்தது செல்லாது. அவள் வேலை பார்க்கும் பள்ளியில் அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போகிறேன் என்றேன். ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள்.

பாளையங்கோட்டை நூலகத்தில் தடித்த நீல அகராதி ஒன்றை எடுத்து வைத்தார்கள். அங்கிருந்த நூலகர் அம்மா தானே தேடித் தருவதாகச் சொன்னார். நான் விடவில்லை. 'டி' எழுத்தை நம் படகு நம்பரில் தினமும் பார்த்திருக்கிறேன். மற்ற இரண்டு இங்கிலீஷ் எழுத்தையும் ஜாய்சியின் தாளைப் பார்த்துப் பார்த்துத் தேடினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கிடைத்துவிட்டது. பெயரடை என்றும் வினை என்றும் இரண்டும் போட்டிருப்பதை அந்த அம்மா காட்டினார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஜாய்சி அதை வாங்கிப் பார்த்தாள். "முதல் பக்கம் எங்க மாமா?" என்று பையக் கேட்டாள். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில் அந்தச் சொல். இரண்டாவது வரியில், 'புத்தகத்தின் பெயர் இருக்கும் முதல் பக்கமும் வேண்டும்' என்று, எனக்காகப் பெரிது பெரிதாக எழுதியிருந்தாள். முதல் வரி கிடைத்த சந்தோஷத்தில் இரண்டாவது வரியை நான் படிக்கவே இல்லை.

அப்போது மணி நாலரை. புத்தகத்தின் பெயரைக் கேட்டாள். நீலப் புத்தகம் என்றேன். அவள் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. இருந்ததை அனுப்பினாள். ஏற்பார்களா, தள்ளிவிடுவார்களா, தெரியாது. வருகிற வியாழக்கிழமை முடிவு வரும் என்கிறார்கள். அவள் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். எனக்கும் இறங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈஸ்டர் சமயத்தில் லீவுக்கு ஊருக்கு வந்த உன் கூட்டாளி அலி அஸ்கரிடம் நீ ஒரு கடிதம் கொடுத்துவிட்டாய். ஜாய்சிதான் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். போன மாதம் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, எழுத்துக் கூட்டி நானே படித்தேன். 'இதுதான் கடைசித் தடவை. இதிலும் தேறாவிட்டால் படிப்பு, வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவளை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அவள் வாசிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போய், என் முழங்கால் வலியை நீ விசாரித்ததை வாசித்தாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. நான் படித்துவிட்டேன் என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

மகனே, இந்தத் தடவை தவறினால் அது என்னால் தவறியது. அவள் விடை சரி. நானே விரல் வைத்துப் பார்த்தேன். அலி அஸ்கர் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வியாழனுக்கு முன் இது உன் கைக்கு வந்துவிடும். படகு ஏறுமுன் அவளோடு பேசு. அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று சொல். முடிவு வந்த பிறகு சொன்னால், இரக்கப்பட்டுச் சொன்னதாகிவிடும்.

உன் அம்மாவின் செபமும் என் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கும். எனக்கும் பதில் எழுது. இனி யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம். ஒரு வரி விடாமல் நானே படித்துக்கொள்வேன்.

உன் அப்பா,
மத்தியாஸ்