டிரம்காரனுக்கு விட்ட இடம்

செப்டம்பர் 6, சனி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது: எங்கள் வீட்டில் மூன்று மாதம் அரும்பணி ஆற்றிவந்த பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், இன்று காலை பத்து மணியளவில் கத்தரிக்கோலால் வீரமரணம் அடைந்தது. அன்னாரின் உடல் எட்டுத் துண்டுகளாக்கப்பட்டு, குச்சிகளில் செருகப்பட்டு, எட்டு மரங்களாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்ததும் நேரே பாத்திரத் தொட்டிக்குப் போனாள்.

"ஏண்டா கிரணு, என்ற நாரு எங்கடா?"

"காட்டுல இருக்குதும்மா."

"உன்னையும் அங்கயே கொண்டுபோயி உட்டுருவேன் பாரு."

மைசூர் தசராவுக்குப் பதினாறு நாள் இருக்கிறது. இந்த வருஷம் எங்கள் வீட்டில் படி கட்டி பொம்மை அடுக்கப்போவதில்லை. என் சிப்பாய்கள் மட்டும்தான். இருபத்தேழு பேர், ஆளுக்கு ஒரு விரல் உயரம். முன்பு நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். அதில் பத்தொன்பது பேர் என் வகுப்புத் தருண்குமாருடையவர்கள். போன தசராவில் அவர்களை பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனவன்தான், அப்புறம் என்னோடு பேசவில்லை. பேண்டு கோஷ்டியின் டிரம்காரனும் அந்த டப்பாவில் போய்விட்டான். என்னிடம் ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள், அடிக்கிறவன் இல்லை.

இதை நான் அவனுக்காகச் செய்யவில்லை. பின்னால் யாரும் சந்தேகப்படக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

எங்கள் வீடு ஒரு அறை, ஒரு சமையல் மூலை. பெரிய போர்க்களம் கட்டினால் அப்பா வாசலில் படுக்க வேண்டும். ஆகவே ஆறு சதுரப் பலகைகள், ஒவ்வொன்றும் ஒரு சாண். தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட ப்ளைவுட். ஒன்றில் மலை, ஒன்றில் ஆறு, ஒன்றில் கடைத்தெரு, ஒன்றில் மைதானம், இரண்டில் புல்.

ரகசியம் இதுதான்: சாலை ஒவ்வொரு பலகையின் ஓரத்தையும் சரியாக நடுவில் தொட வேண்டும். அப்படிச் செய்தால் எதன் பக்கத்தில் எதை வைத்தாலும் சாலை விட்டுப்போகாது. இன்று மலைக்குப் பக்கத்தில் ஆறு, நாளை ஆற்றுக்குப் பக்கத்தில் கடைத்தெரு. பின்னால் நிறுத்த ஒரு அட்டை. ஒரு பக்கம் அரண்மனை, திருப்பினால் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பாலாறு செக்போஸ்ட். மாமா ஊரான கௌதள்ளிக்குப் போனபோது அவர் அங்கே கூட்டிப்போனார், சாலையை மறிக்கும் அந்தக் கம்பத்தை மறக்கவில்லை.

மண்: கொதித்து முடிந்த டீத்தூள், வெயிலில் காயவைத்தது. ஆறு: நீலப் பெயிண்டின் மேல் ஃபெவிகால். இரண்டு நாள் காய்ந்தால் தண்ணீர் மாதிரி மின்னும். சிப்பாய்களின் காலடியில் டிராயிங் பின், பலகையில் காந்தத் தாள். யாரையும் எங்கேயும் நிறுத்தலாம். எல்லாவற்றையும் கலைத்தால் டிபன் பையில் அடங்கும்.

முழுக்க முழுக்க என் கண்டுபிடிப்பு.

சரி, சாலை நடுவில் தொட வேண்டும் என்பதை மட்டும் தருண் சொன்னான். போன வருஷம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

புல் பலகைகளில் பஞ்சு பரப்பி கேழ்வரகு தூவினேன். இந்த ஊரில் பொம்மைக்கு முன்னால் பார்க் வைக்க எல்லோரும் செய்வதுதான்.

ஒரு சிப்பாய்க்கு உடம்பெல்லாம் பெயிண்ட் உரிகிறது. படைக்கே படை.

செப்டம்பர் 11, வியாழன்

வகுப்பில் தருண் முதல் பெஞ்ச், நான் கடைசி பெஞ்ச். என் பக்கத்தில் என் பை உட்காருகிறது. பைதான் இப்போது என் பக்கத்துப் பையன். பேசாது, கோபித்துக்கொள்ளாது, மதியம் சாப்பாடு போடும்.

கணக்கு சார் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. தருண் சிரித்தால் முதுகிலேயே தெரியும், தோள் ஆடும். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆடவில்லை.

செப்டம்பர் 20, சனி

விடுமுறை தொடங்கியது. கேழ்வரகு சிப்பாய்களின் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. நாலு பேர் காணவில்லை. பக்கத்து வீட்டுக் கமலம்மாள் அத்தை எட்டிப் பார்த்தாள். "கடைசி வாரம் தூவணும்டா. நீ பட்டாளத்துக்குப் பந்தலே போட்டுட்டே."

அதைவிடக் கொடுமை, தினம் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஒரு பலகை ஊறி ஒரு மூலை தூக்கிக்கொண்டது. பக்கத்துப் பலகையோடு சேர்த்து வைத்தால் சாலை சேர மாட்டேன் என்கிறது. நடுவில் ஒரு படிக்கட்டு. சிப்பாய்கள் தாண்டிக் குதிக்கட்டும்.

செப்டம்பர் 22, திங்கள்

தசரா முதல் நாள். டிரங்குப் பெட்டியின் மேல் ஆறு பலகைகளும் ஏறின. பேண்டு கோஷ்டி அரண்மனைக்கு முன்னால், மூன்று வரிசை. இரண்டாவது வரிசை நடுவில் ஒரு இடம் விட்டிருக்கிறேன். வேறொருவனை அங்கே நிறுத்திப் பார்த்தேன். நன்றாக இல்லை.

பார்வையாளர் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறேன். இன்று ஏழு பேர் வந்தார்கள். "அபாரம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "இதைச் செய்தவர் மேதையாக இருக்க வேண்டும்" என்று இன்னொருவர்.

செப்டம்பர் 24, புதன்

மொத்தம் பதினாறு. கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை.

செப்டம்பர் 27, சனி

இந்த ஊரில் தசரா சாயங்காலங்களில் பிள்ளைகள் கும்பலாக வீடு வீடாகப் போய் "கொம்பெ கூர்சிதீரா?" என்று கேட்பார்கள். பொம்மை வைத்திருக்கிறீர்களா என்று. வைத்திருந்தால் உள்ளே போய்ப் பார்ப்பார்கள், சுண்டல் பொட்டலம் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள்.

இன்று எங்கள் மாடிக்கு வந்தார்கள். செருப்புச் சத்தம் கேட்டது. நான் பாலாறு செக்போஸ்ட்டைத் திருப்பி அரண்மனையை முன்னால் வைத்தேன். கமலம்மாள் அத்தை வீட்டில் கேட்டார்கள், உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். எங்கள் கதவுக்கு நேராகச் செருப்புச் சத்தம் நின்றது. அப்புறம் ஒரு பொடியன், "ஆ மனெ பேட. ஜிரலே மனெ" என்றான். அந்த வீடு வேண்டாமாம், கரப்பான் வீடாம்.

இறங்கிப் போய்விட்டார்கள்.

சரி, எழுதிவிடுகிறேன். போன வருஷம் சுண்டல் பொட்டலங்களில் ரப்பர் கரப்பான் வைத்தது நான். எல்லோரும் அலறினார்கள், எல்லோரும் சிரித்தார்கள். தருணின் தங்கச்சி தமிழ்ப்ரியா, ஏழு வயசு, அவள் மட்டும் சிரிக்கவில்லை. பின்னோக்கியே ஓடினாள். பின்னால் மாடிப்படி. தாடையில் மூன்று தையல், முன்பல் ஒன்று போய்விட்டது. தருண் வந்து கேட்டான், "ஏண்டா இப்படிப் பண்ணே?"

நான் என்ன சொன்னேன்? "பால்பல்லுதானேடா, எப்படியும் விழவேண்டியதுதானே." சொல்லிட்டுச் சிரிச்சேன். அவன் மூஞ்சிய பாத்துக்கிட்டே சிரிச்சேன். ஏன் சிரிச்சேன்? பயமா இருந்துச்சு, அதான். வேற என்ன பண்றதுன்னு தெரியல.

அன்றுதான் பிஸ்கட் டப்பா போனது.

இன்றைய பார்வையாளர்கள்: ஒன்பது. மொத்தம் இருபத்தைந்து.

செப்டம்பர் 29, திங்கள்

அம்மா தூக்குப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். "சுண்டலு அப்படியே கெடக்குதே. முப்பது பேரு வந்தாங்கன்னியே?"

"எல்லாரும் விரதம்மா."

அம்மா பதிவேட்டைப் புரட்டினாள், மூடி வைத்தாள். பிறகு அரை டம்ளர் கடலை மட்டும் ஊறப்போட்டாள்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

கமலம்மாள் அத்தை காலையில் கத்தரிக்கோலுக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே சொன்னாள்: "யாரும் வரலேன்னு கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கே. உன் பொம்மைதான் பைக்குள்ள அடங்குதே. எடுத்துட்டுப் போயேண்டா."

போனேன். டிபன் பையில் நாலு பலகை, பேண்டு கோஷ்டி, ஒரு பொட்டலம் சுண்டல். எதிர் வரிசையில் மூன்றாவது வீடு. கதவைத் தட்டினேன். தமிழ்ப்ரியா திறந்தாள். தாடையில் வெள்ளைக் கோடு. புதுப் பல் முளைத்திருக்கிறது, கொஞ்சம் பெரியது.

"கொம்பெ கொண்டுவந்திருக்கேன்" என்றேன். வீட்டுக்காரனே பொம்மையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது மைசூரில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். "உள்ள ஜிரலே இருக்கா?"

"இல்ல."

"நீ தின்னு மொதல்ல."

தின்றேன்.

"எல்லாத்தையும் தின்னு."

வாசலில் நின்றபடி முழுப் பொட்டலத்தையும் தின்றேன். ஒவ்வொரு கடலையையும் எண்ணிக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் உள்ளே விட்டாள். தரையில் பலகைகளைப் பரப்பி, மைதானத்தில் பேண்டு கோஷ்டியை நிறுத்தினேன். அவள் ஆற்றைத் தூக்கி மலைக்குப் பின்னால் வைத்தாள், கடைத்தெருவை மாற்றினாள், மைதானத்தைத் திருப்பினாள். எப்படி வைத்தாலும் சாலை போய்க்கொண்டே இருந்தது. "ஐ, ரோடு கட்டே ஆகல" என்றாள்.

தருண் உள் கதவில் சாய்ந்து நின்றான். பேண்டு கோஷ்டியின் இரண்டாவது வரிசையைப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

நான் எழுந்து நின்று, தளபதி மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, கணீர் என்ற குரலில் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கம்பீரமாக வெளியேறினேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. கமலம்மாள் அத்தை வீட்டு டிவியில் ஜம்பூ சவாரி, அரண்மனை யானை ஊர்வலம். யானைக்கு முன்னால் போலீஸ் பேண்டு போனது. அவர்களிடம் டிரம் இருக்கிறது.

மொத்தம் முப்பத்தேழு பார்வையாளர்கள். அவன் வரவில்லை.

அக்டோபர் 4, சனி

எல்லா வீட்டிலும் பொம்மைகளைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தாயிற்று. நான் இன்னும் கலைக்கவில்லை. பால் வாங்கப் போய்விட்டு வந்தேன். வாசலில் இரண்டு ஜோடி செருப்பு, ஒன்று மிகவும் சிறியது.

தமிழ்ப்ரியா அம்மாவோடு சமையல் மூலையில் இருந்தாள். தருண் டிரங்குப் பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு, பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தான்.

"முப்பத்தேழு பேரு" என்றான்.

"ஆமா. நல்ல கூட்டம்."

"முப்பத்தேழு பேருகிட்டயும் ஒரே பச்சை மைப் பேனாவாடா?"

நான் பாலை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேதையாக இருக்க வேண்டும்," அவன் சத்தமாகப் படித்தான். தோள் ஆடியது.

ஆகவே உண்மை: முப்பத்தேழு பேரும் நானே. சிலரை இடது கையால் எழுதினேன், அவ்வளவுதான். ஒருவரும் வரவில்லை, ஒரு நாளும்.

இன்னொன்று. முதல் தேதியன்று கணீர் என்று மன்னிப்புக் கேட்டதாக எழுதியிருக்கிறேன். கடைசிப் பிடி சுண்டல் இன்னும் வாய் நிறைய இருந்தது. "ம்ம்" என்றுதான் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன், கம்பீரமெல்லாம் இல்லை. கேட்டது இன்றைக்குத்தான். அதுவும் அவன் முகத்தைப் பார்த்து இல்லை. அவன் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து வளைந்த பலகைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தான், சாலை சேர்ந்ததா என்று நான் குனிந்து பார்த்தேன், அப்போது பலகையிடம் சொல்கிற மாதிரி சொன்னேன். அவன் "உம்" என்றான். சமையல் மூலையிலிருந்து தமிழ்ப்ரியா, "எனக்குக் கேக்கல, மறுபடி சொல்லு" என்றாள்.

மறுபடி சொன்னேன்.

டிரம்காரன் இரண்டாவது வரிசை நடுவில் நிற்கிறான். அவன் காலடியில் டிராயிங் பின் இல்லை, தொட்டால் விழுகிறான். நாளைக்கு ஒட்ட வேண்டும்.

பதிவேட்டில் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நீல மை.